கேட்டவர்கள் எழுதிய வரலாறு

ரசிகர்கள் இசைக் கலைஞர்களை நெருங்கிப் பழகிய செய்திகள் தமிழில் ஏராளம். வாழ்க்கை வரலாறுகளிலும் விமரிசனங்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: கையெழுத்து வாங்கிப் போனவரைவிட, பாட்டை மனத்தில் வாங்கிப் போனவரால்தான் இசை வளர்ந்திருக்கிறது.

முதலில் உ.வே. சாமிநாதையர். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போனவர், அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் மூவரைப் பற்றியும் தனித்தனியே நூல் எழுதினார். நின்றுபோன பாடத்தின் ஏக்கம் அந்த நூல்களில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’, சபாப் பக்கமே போகாத வாசகருக்கும் கச்சேரி கேட்கக் கற்றுக்கொடுத்தது. நம் காலத்தில் லலிதாராமின் ‘துருவ நட்சத்திரம்’ இருக்கிறது. 1962இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை நேரில் கேட்க வாய்க்காத தலைமுறையைச் சேர்ந்த ரசிகர் எழுதிய நூல் அது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு, காஞ்சிபுரத்தில் நடந்தது. பாடகர் நயினாப் பிள்ளை (1889–1934) லயத்தில் பெரும்புலி. மிருதங்கத்தோடு கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று பக்கவாத்தியம் நிறைந்த அவருடைய கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே பெயர். ஊரில் தியாகராஜர் உற்சவம் நடத்தி வித்துவான்களை வரவழைத்தார். அதைக் கேட்டு வளர்ந்த சிறுமி, 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். ஆசாரமான குடும்பம், குருகுலவாசத்துக்கு வழியில்லை. கச்சேரி கேட்டு வந்ததும் சகோதரர்களோடு உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாக நினைவில் நின்றதை எழுதிச் சேர்ப்பார். நயினாப் பிள்ளை நடத்திய போட்டியிலேயே சிறுவயதில் பரிசும் பெற்றார். ஆண்களுக்கே உரியது என்றிருந்த பல்லவியைப் பின்னாளில் அவர் மேடையில் விரித்துப் பாடியதற்கு, காஞ்சியில் சேர்த்த கேள்வி ஞானம்தான் அடித்தளம்.

காஞ்சிபுரத்திலிருந்து சற்றே விலகிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார் தயாரிக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. இந்தத் தொழிற்பகுதியில் கலைஞரும் ரசிகரும் சந்திக்கும் இடம் சபா அல்ல. ஆடி மாதத்து அம்மன் கோயில் திருவிழாவில் போடும் இன்னிசைக் கச்சேரி மேடை. துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்பலாம். பாடகர் பெயர் சொல்லி வாசித்துவிட்டுப் பாடுவார். இறங்கி வந்ததும் பேசவும் செய்வார். நட்சத்திரக் கச்சேரிகளில் இது நடக்காது. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள் பலர்.

மெல்லிசை மேடைக்கு ஒரு கல்கி வாய்க்கவில்லை என்பது என் வருத்தம். பின்னணிப் பாடகர்கள் பற்றி அமெரிக்க ஆய்வாளர் அமாண்டா வைட்மன் 2021இல் விரிவாக எழுதினார். திருவிழா மேடையில் முப்பது வருடம் கீபோர்டும் பேடும் வாசித்தவர்களிடம் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்: எந்தப் பாட்டுக்குச் சீட்டு அதிகம் வந்தது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் என்ன கேட்டார்கள், அவர்களுக்காக எந்தப் பாட்டைப் புதிதாகப் பாடம் செய்தார்கள் என்று.