‘பசுமை’ என்றால் புரிந்துவிடுமா?

விஞ்ஞானத்தைத் தமிழில் எளிமையாக எழுதியோருள் முன்னோடி பெ. நா. அப்புசாமி (1891–1986). தொழிலால் வழக்கறிஞரான அவர், அணு, மின்சாரம், வானொலி எனப் பொதுமக்களுக்காக அரை நூற்றாண்டுக்கும் மேல் எழுதினார். சொல்லை எளிதாக்கினார், பொருளைக் குறைக்கவில்லை. இன்றைய விஞ்ஞானக் கட்டுரைகளையும் அந்த அளவுகோலால் மதிப்பிடலாம்.

‘பசுமைப் பட்டாசு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பட்டாசுக்குப் பச்சை ஒளி தருவது பேரியம். அதன் உப்புகளையோ 2018-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது! ஆகவே இங்கே பசுமை என்பது நிறமன்று. நாகபுரியிலுள்ள ‘நீரி’ ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவைகள் புகைத்துகளை 30 சதவிகிதமாவது குறைக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். மீதிப் புகை இருக்கவே செய்கிறது. சில கட்டுரைகளோ இந்த அளவைச் சொல்லாமல், மாசே இல்லாத பட்டாசு என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன.

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பசுமைப் பட்டாசிலும் ஆக்சிஜன் தரும் பொருளும் எரியும் பொருளும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. உராய்வோ தீப்பொறியோ போதும், பற்றிக்கொள்ளும். புகை குறைந்ததாலேயே மருந்து செலுத்தும் அறையில் ஆபத்து குறைந்துவிடாது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதுவது எளிமையன்று, அரைகுறை.

வாசகர்களே, இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எது குறைந்தது? எவ்வளவு குறைந்தது? யாருக்குக் குறைந்தது? விடை கிடைத்தால் அது நல்ல விஞ்ஞானக் கட்டுரை.