டப்பா எந்த அலமாரியில்?

உடம்பு இளைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்குப் பத்திரிகைகளும் டி.வி.யும் தருகிற யோசனைகளைக் கவனித்திருக்கிறீர்களா? இனிப்பு சாப்பிடத் தோன்றினால் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பல் தேய்த்துவிடுங்கள். நூறு வரை எண்ணுங்கள். மனசைத் திசை திருப்புங்கள்.

தப்பான யோசனைகள் இல்லை. ஒரே ஒரு குறை. எல்லாமே ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த பிறகு செய்ய வேண்டியவை. கதவுக்குப் பின்னால் அரைக் கிலோ பால் ஸ்வீட் எப்படி வந்தது, யார் வாங்கினார்கள், ஏன் அது சரியாகக் கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்த வாரம் அந்த யோசனைகளோடு கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

கரையான்சாவடி சந்திப்பில் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பூந்தமல்லி ரோடும் ஆவடி ரோடும் சேருகிற இடம். நடுவே மெட்ரோ தூண்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு ஜீரணமாகி ரொம்ப நேரம் ஆகியிருக்கும். எதிரே பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி. தேங்காய் பன், ஹனி கேக், பக்கத்திலேயே டீ. 'குழந்தைங்களுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போவோம்' என்று ஒரு பொட்டலம். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் நடக்கப் போகிற மனப் போராட்டத்தின் முடிவு அங்கேயே, ஏழு மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது. தண்ணீர் டம்ளர் பாவம், என்ன செய்யும்?

மன உறுதி பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் என்ற உளவியல் பேராசிரியர் நர்சரிக் குழந்தைகளிடம் நடத்திய சோதனை. இப்போதே வேண்டுமானால் ஒரு தின்பண்டம், காத்திருந்தால் பெரிது அல்லது இரண்டு. 'பார்த்தீர்களா, காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் முன்னுக்கு வந்தார்கள்' என்று முடிப்பார்கள். இதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். 1970-ல் வெளியான கட்டுரையில் மிஷலே சொன்ன முக்கியமான சங்கதி வேறு. தின்பண்டம் கண் முன்னால் இருந்தபோது குழந்தைகளால் கொஞ்ச நேரம்தான் தாங்க முடிந்தது. கண்ணில் படாமல் வைத்தபோது வெகுநேரம் காத்திருந்தார்கள். 2018-ல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி கணக்குப் பார்த்ததில், வீட்டுச் சூழலையும் சேர்த்துக்கொண்டால் அந்த 'முன்னுக்கு வந்த' கதை ரொம்பவே இளைத்துப்போனது. ஆக, பிள்ளையின் குணத்தைக் காட்டிலும் தட்டு எங்கே இருந்தது என்பது பெரிய விஷயம். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. சுயமுன்னேற்றப் புத்தகம் விற்காதே!

சரி, இனிப்பைக் குறைத்தும் எடை குறையவில்லை என்றால்? இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எடை மெஷினில் ஏறி, முள் அசையவில்லை என்றதும் 'சீ, போ' என்று ஜாங்கிரியிடம் சரணடைகிறவர்கள்தான் அதிகம். இவர்களுக்காக நம்ம சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 2006-ல் முடிவுகள் வெளியாயின. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்குச் சொன்னது எளிமையான விஷயம்: சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் கொழுப்பையும் குறை, தினம் அரை மணி நேரமாவது நட. மூன்று வருஷத்தில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவிகிதம் பேருக்கு வியாதி வந்துவிட்டது. சொன்னபடி கேட்டவர்களில் 39 சதவிகிதம். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர்களுக்கு எடை அப்படியொன்றும் குறையவில்லை. முள் அசையாமலேயே உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

இளைப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் இதை ஏன் எழுதுவதில்லை என்பதுதான் என் புகார். நமக்கு இது அழகுப் பிரச்னை மட்டும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நாடு முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. அடுத்த வரிசையில் காத்திருப்பவர்கள் 13.6 கோடி. உங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தால், ஒரு நிமிஷம் அவர்கள் முகங்களை நினைத்துக்கொண்டு இந்த எண்களை மறுபடி படியுங்கள்.

அடுத்து, கொஞ்சம் கணக்கு. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஐந்து சதவிகிதம் என்றால் சுமார் 25 கிராம். ஒரு டீஸ்பூன் நாலு கிராம். வீட்டில் மூன்று வேளை காபி, வேளைக்கு இரண்டு ஸ்பூன். 24 கிராம் ஆச்சா? ஸ்வீட் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே கோட்டா காலி! லட்டுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு டபராவைத் தப்பிக்க விடுகிறோம்.

'நாங்க வெள்ளைச் சர்க்கரையை விட்டாச்சு, நாட்டுச் சர்க்கரைதான்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ருசி வேறு, மணம் வேறு, விலையும் வேறு. கலோரி ஏறக்குறைய அதேதான். கருப்பட்டி மைசூர்பாகும் மைசூர்பாகுதான். செயற்கை இனிப்பு? எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. (அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கானது அல்ல. அவர்கள் டாக்டரைக் கேட்கட்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் அவசியம். அந்த டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள்.)

குழந்தைகள் பெயரில் வீட்டுக்குள் வருவது இன்னொரு ரகம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. காரணம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வஸ்துவே கிடையாது! தலைமுறை தலைமுறையாகப் பாலில் கலக்கிக் கொடுத்துவிட்டு இப்போது தெரிந்துகொள்கிறோம். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 100 கிராமுக்கு 30 என்று இருந்தால், 20 கிராம் பொடி கரைக்கிற ஒரு டம்ளரில் 6 கிராம். 'குழந்தை குடிக்க மாட்டேங்குது' என்று நாம் போடுகிற இரண்டு ஸ்பூன் தனி. எழுத்து ரொம்பப் பொடி. பூதக்கண்ணாடி இலவசமாகத் தருவதில்லை. சிலி நாட்டில் 2016-லேயே முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் சொன்னார்கள். சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் விற்பது சுமார் கால்வாசி குறைந்ததாக 2020-ல் கணக்கு வந்தது. அங்கே யாருக்கும் புதிதாக மன உறுதி முளைக்கவில்லை. விஷயம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

எந்த டயட் சார்ட்டிலும் இல்லாத இன்னொரு கலோரி நம் வீடுகளில் உண்டு. அதன் பெயர் 'வீணாப் போயிடுமே'. தீபாவளி முடிந்த நாலாம் நாள் டப்பாவின் அடியில் உடைந்த அதிரசம், குழந்தை பாதி கடித்து வைத்த கேக், கிண்ணத்தில் ஒட்டிய பாயசம். இதையெல்லாம் யார் சாப்பிடுகிறார்கள்? வீட்டு அம்மாதான். பிறகு அவரையே, 'கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?' என்று கேட்பதும் அதே குடும்பம்தான். இது அக்கிரமம். வீட்டில் ஒருவர் மட்டும் டயட் இருப்பது, ஒரே கட்டிலில் ஒருவர் மட்டும் தூங்காமல் காவல் காப்பது மாதிரி. எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே தண்ணீர் குடிக்கிற யோசனைக்கு முன்னால் சேர்க்க வேண்டிய சில வரிகள். பஸ் ஏறுவதற்கு முன்பே ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டால் கரையான்சாவடியின் கண்ணாடிப் பெட்டிக்கு அத்தனை பளபளப்பு இருக்காது. வாங்கத்தான் வேண்டும் என்றால் தலைக்கு ஒன்று. கிலோ கணக்கு வேண்டாம். காபியில் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு கோபித்துக்கொள்ளும், பிறகு சமாதானமாகிவிடும். விருந்துக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில் ஒரு சீப்பு பழம். மிஞ்சியதை வயிற்றுக்குள் கொட்டுவதும் வீணாக்குவதுதான் என்று வீட்டில் எல்லோரும் கூடித் தீர்மானம் போடுங்கள்.

டப்பாவை என்ன செய்வது? பரணில் ஏற்றிவிடுங்கள். அப்படியும் ராத்திரி பத்து மணிக்கு ஆசை விடவில்லையா, ஸ்டூல் போட்டு ஏறி ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ஏறி இறங்கின வகையில் கொஞ்சம் உடற்பயிற்சியாவது மிச்சம்!