குறும்படத்தை யாருக்குக் காட்டுவது?

2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கினப்போ, அது தமிழ் சினிமாவையே மாத்தப்போகுதுன்னு யாரும் பெரிசா நினைச்சிருக்க மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குல இன்னொண்ணு, அவ்வளவுதான். முதல் சுற்றில் நடுவர்களாக கார்ட்டூனிஸ்ட் மதனும் பிரதாப் போத்தனும் உட்கார்ந்திருந்தார்கள். போட்டியாளர்கள் பெரும்பாலும் யாரிடமும் உதவி இயக்குநராக வருஷக்கணக்கில் இருந்தவர்கள் இல்லை. ஐ.டி. வேலை, கல்லூரி, கையில் ஒரு டிஜிட்டல் கேமரா, கூட நாலு நண்பர்கள்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2012-ல் பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி', அதே ஆண்டில் கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா'. 2013-ல் நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்', அல்போன்ஸ் புத்திரனின் 'நேரம்'. 2014-ல் அருண்குமாரின் 'பண்ணையாரும் பத்மினியும்', ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'. நடிகர்களும் அதே வழியாகத்தான் வந்தார்கள். விஜய் சேதுபதியையும் பாபி சிம்ஹாவையும் குறும்படத்தில் பார்த்துப் பழகிய பிறகுதான் பலர் தியேட்டரில் பார்த்தோம்.

இந்த வரிசையைச் சொல்லி முடிச்சதும் வழக்கமா ஒரு கைதட்டல் வரும். குறும்படம் எடுத்தா வாய்ப்பு வரும், ஆகவே தம்பிகளே, கேமராவைத் தூக்குங்க. பதினைந்து வருஷமா கல்லூரி விழா மேடைகளில் கேட்கிற அறிவுரை இது. எனக்கு இதில்தான் சிக்கல்.

எடுக்கிற படத்துக்கு இங்கே என்ன வேலை கொடுக்கப்படுதுன்னு பாருங்க. அது ஒரு விசிட்டிங் கார்டு. தயாரிப்பாளர் ஒருத்தர் பார்க்கணும், "இந்தப் பையனுக்கு ஷாட் வைக்கத் தெரியுது" என்று சொல்லணும், அப்புறம் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுடலாம். பார்வையாளர் என்று ஒரு ஆள் இந்தக் கணக்கிலேயே இல்லை. வாரம் ஒரு படம், பத்து நிமிஷத்துக்குள், நடுவருக்குப் பிடிக்கணும் என்ற சட்டகம் ஒரு வகைக் கதையைத்தான் வளர்க்கும். கடைசி நிமிஷத்தில் ஒரு திருப்பம், ஒரு சின்ன சிரிப்பு, சாமர்த்தியமான ஒரு வெட்டு. அதில் நல்லவை நிறைய வந்தன, மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக நகர்கிற படம், கதையே இல்லாத படம், ஒரு தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற படம், ஆவணப்படம், இதுக்கெல்லாம் அந்த மேடையில் இடமில்லை. அந்தப் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

'பண்ணையாரும் பத்மினியும்' இதுக்கு நல்ல உதாரணம். குறும்படமாக இருந்தபோது அதன் பலமே அதன் அளவுதான். ஒரு பெரியவருக்கு ஒரு கார் மேல் ஆசை. அந்த ஆசை பெரிதாக எதையும் சாதிக்கத் தேவையில்லை. முழுநீளப் படமானதும் டிரைவருக்கு ஒரு காதல் வேண்டியிருந்தது, பாட்டு வேண்டியிருந்தது. ஜெயப்பிரகாஷும் துளசியும் வருகிற காட்சிகள் இன்றைக்கும் அழகு. டிரைவர் காதலிக்கப் போகும்போதெல்லாம் எனக்குக் கார் எங்கே நிற்குதுன்னுதான் தோணும். 'முண்டாசுப்பட்டி' வேற ரகம். போட்டோ எடுத்தா செத்துடுவோம்னு நம்புகிற ஒரு ஊர் என்ற கற்பனை அகலமானது, இரண்டு மணி நேரத்தைத் தாங்கும். ராமதாஸ் என்ற நடிகருக்கு முனீஸ்காந்த் என்ற பெயரே அந்தப் படத்திலிருந்து ஒட்டிக்கிட்டது. எல்லாக் குறும்படமும் பெரிய படத்தின் விதை என்ற எண்ணம் தப்பு என்பதற்காகத்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். சிலது விதை. சிலது அதுவே பழம்.

குறும்படத்தைக் குறும்படமாகவே தியேட்டருக்குக் கொண்டுபோகும் முயற்சியும் நடந்தது. கார்த்திக் சுப்பராஜின் ஸ்டோன் பெஞ்ச் 2015-ல் 'பெஞ்ச் டாக்கீஸ்' என்று சில குறும்படங்களைக் கோத்து வெளியிட்டது, 2016-ல் 'அவியல்'. அந்த 'அவியல்'-ல் 'களம்' எடுத்தவர் லோகேஷ் கனகராஜ். டிக்கெட் வாங்கி வந்து குறும்படம் பார்க்கிற பழக்கத்தை உண்டாக்கப் பார்த்தார்கள், அதுக்காகவே பாராட்டணும். ஆனா அந்தப் பழக்கம் வேர் பிடிக்கவில்லை. இப்போது 'அவியல்' என்று சொன்னால் லோகேஷின் தொடக்கம் என்றுதான் நினைவு வருகிறது, அந்தப் படங்கள் இல்லை. விசிட்டிங் கார்டு கணக்கு அங்கேயும் ஜெயிச்சிடுச்சு.

வேறு வழி இருந்ததா? இருந்தது, இருக்கு. மதுரையில் ஆர்.பி. அமுதனின் 'மறுபக்கம்' 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறது. நாளைய இயக்குநருக்குப் பதினோரு வருஷம் மூத்தது. அங்கே படம் பார்த்த பிறகு எழுந்து நின்று சண்டை போடுவார்கள். 'தமிழ் ஸ்டுடியோ'வின் குறும்பட வட்டம், எடிட்டர் பி. லெனின் பெயரில் அவர்கள் கொடுக்கும் விருது, இதெல்லாம் அதே ஆசையின் இன்னொரு கிளை. லெனினே 'நாக்-அவுட்' என்ற குறும்படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். பெரிய படங்களின் எடிட்டராக உச்சத்தில் இருந்த ஒருவர் குறும்படம் எடுத்தார் என்றால், வாய்ப்புக்காக இல்லையே!

பக்கத்தில் கேரளத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அங்கே மாநில சலச்சித்ர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் தனியாக ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. மாணவர் படங்களும் வெளிநாட்டுப் படங்களும் ஒரே வளாகத்தில் ஓடும். இத்தனைக்கும் சினிமாக்காரர்கள் முதல்வர்களாக இருந்த மாநிலம் நம்முடையது.

இன்னும் தள்ளிப் போனால் ஜெர்மனி. 1962-ல் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் 26 இளைஞர்கள் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பழைய சினிமா முடிஞ்சிடுச்சு, புதுசை நாங்க உருவாக்குகிறோம் என்பது அதன் சாரம். சும்மா சவடால் இல்லை. குறும்படம் எடுத்து வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கியதைத்தான் ஆதாரமாக வைத்தார்கள். 1965-ல் முதல் படம் எடுக்கிறவர்களுக்கான நிதி அமைப்பு ஒன்று அங்கே உருவானது. அவர்கள் தனித்தனியாகப் போய் வாய்ப்புக் கேட்கவில்லை, சேர்ந்து நின்று ஓர் அமைப்பைக் கேட்டார்கள். நம்ம ஊரில் அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகக் கதவு திறந்து உள்ளே போனது. போனவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. வெளியே நின்றவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

வெளியே நிற்கிற பையனை, பெண்ணைக் குறிவைத்து இப்போது ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கு. மாதாமாதம் ஆன்லைனில் நடக்கும் 'சர்வதேச விழா'க்கள். திரை கிடையாது, பார்வையாளர் கிடையாது. கட்டணம் கட்டினால் இரண்டு பக்கமும் இலை போட்ட ஒரு முத்திரை மின்னஞ்சலில் வரும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவரின் போஸ்டரில் பதினேழு இலை முத்திரை. படத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேருன்னு கேட்டேன். "காலேஜ்ல ஒரு தடவை போட்டோம் சார்" என்றார். அந்தக் கட்டணங்களைக் கூட்டினால் ஒரு நாள் வாடகைக்கு நல்ல லென்ஸ் கிடைத்திருக்கும். ஒரு விழாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன வருஷம் எந்த அரங்கில், எந்தத் தேதியில் படம் போட்டீங்க? பதில் இல்லேன்னா காசு கட்டாதீங்க.

யூடியூப் இருக்கே என்பார்கள். இருக்கு, 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படத்தைப் பரப்பியதே அதுதான். ஆனால் முடிச்ச அன்னிக்கே ஏத்திடாதீங்க. இணையத்தில் வந்துவிட்ட படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் பல உண்டு. ஒரு வருஷம் விழாக்களுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஏற்றலாம். பின்னணியில் இளையராஜா பாட்டு ஓடினால் காப்புரிமை பிரச்சனை வரும். டீக்கடை ரேடியோவில் வருது என்பதெல்லாம் செல்லாது. தேசிய விருதுக்கு அனுப்பணும்னா தணிக்கைச் சான்றிதழ் வேணும், அதுவும் அந்த ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்கணும். இதையெல்லாம் எடிட்டிங் டேபிளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கினப்போ, நம்மில் பலர் அந்தப் பெயரையே முதல்முறையாகக் கேட்டோம். வெயிலில் ஒரு அப்பனும் மகனும் நடக்கிற படம். இதைப் பத்து நிமிஷத்துக்குச் சுருக்கி வாரப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் என்ன மார்க் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அரங்குகள் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, ஐந்து படம், முன்னால் போட்டியும் இல்லை, பின்னால் பரிசும் இல்லை. படம் முடிஞ்சதும் எடுத்தவர் எழுந்து நின்று கேள்விக்குப் பதில் சொல்லணும். யாராவது ஆரம்பிச்சா நான் நாற்காலி எடுத்துப் போட வர்றேன்.