எழுதாமல் இருப்பது

எழுதுவதை விட்டுவிடலாமா என்று கேட்ட நண்பர், நான் வாயைத் திறக்குமுன் மௌனியின் பெயரைச் சொன்னார். "இருபத்து நாலு கதையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லையா சார்?" செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஐந்து வருடங்களில் பதினேழு கவிதைகள் எழுதியவர். ஒன்பது அச்சாகியிருக்கின்றன. வந்த கடிதம் ஒன்று.

நம் சிறு வட்டத்தில் மௌனியின் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் உபயோகமாகிறது. எழுதாதவனுக்கு அது ஒரு சலுகைச் சீட்டு. ஆனால் மௌனி நிறுத்தினார் என்பதே சரியில்லை. 1936இல் மணிக்கொடியில் பிரசுரமாகத் தொடங்கியவர் நீண்ட இடைவெளிகள் விட்டு, எழுபதுகளின் தொடக்கம் வரை கதை எழுதியிருக்கிறார். திரும்பத் திரும்பத் திருத்தி எழுதுகிறவர் என்பதும் தெரிந்த விஷயம். இது மெதுவாக எழுதியவனின் கணக்கு, துறந்தவனின் கணக்கு அல்ல. மௌனம் என்பதைப் புனைபெயரிலிருந்து எடுத்து வாழ்க்கைக்குப் போர்த்தியது நாம்தான்.

உண்மையில் நிறுத்தியவர் ந. பிச்சமூர்த்தி. 1934இல் மணிக்கொடியில் 'காதல்' கவிதையை வெளியிட்டவர், நாற்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் கவிதைப் பக்கம் வரவில்லை. வக்கீல் தொழிலிலிருந்து கோயில் நிர்வாக அதிகாரி வேலைக்குப் போனவர். கணக்கும் கோப்பும் மனிதனை என்ன செய்யும் என்று கவுண்டரில் உட்கார்ந்து பிறர் பணத்தை எண்ணுகிற எனக்குத் தெரியும். ஆனாலும் வேலைதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, ஏனென்றால் வேலையிலிருந்துகொண்டே எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுதிய மாதிரியான கவிதையைக் கவிதை என்று ஒப்புக்கொள்ள அன்று ஆளில்லை என்பதைக் காரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கி, பிச்சமூர்த்தியின் பழைய 'பெட்டிக்கடை நாரண'னை மறுபிரசுரம் செய்தார். பிச்சமூர்த்தி மறுபடி எழுதினார். 'காட்டு வாத்து', 'வழித்துணை' எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஐம்பத்தொன்பது வயதில் ஒருவருக்குத் திடீரென்று திறமை வந்துவிடாது. வந்தது ஒரு பத்திரிகை, அதைப் படிக்கச் சில நூறு பேர்.

தொடர்வதா விடுவதா என்பதை நாம் எப்போதும் படைப்பாளியின் அந்தரங்கப் பிரச்னையாகவே பேசுகிறோம். பாதிதான் அது. 1962இல் செல்லப்பா 'புதுக்குரல்கள்' தொகுத்தபோது 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் சேர்த்தார். சி. மணி, வைதீஸ்வரன், பசுவய்யா, நகுலன் என்று சில பெயர்களை எல்லாரும் சொல்வோம். மற்றவர்களைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொன்னால் திணறுவோம். 119 இதழ்களுக்குப் பிறகு 1970இல் 'எழுத்து' நின்றதும் அவர்களில் சிலருக்கு எழுத இடமே இல்லாமல் போயிருக்கும். அவர்களுடைய எழுதாமைக்கு யாரும் மௌனம் என்று பெயர் வைக்கவில்லை.

பசுவய்யாவாகிய சுந்தர ராமசாமியே 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) வந்த சிறிது காலத்தில் சில வருடங்கள் எழுதாமல் இருந்தார். திரும்பி வந்தவரின் மொழி வேறாக இருந்தது. அந்த இடைவெளி அவருக்குப் பயன்பட்டது என்று சொல்லலாம். திரும்பி வந்தவர்களைப் பற்றி மட்டுமே இப்படிச் சொல்ல முடிகிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி இருபத்து நாலு அடியைத் தொட்டாத்தான் பேப்பர்ல நம்ம ஊர் பேரு வரும் சார்" என்றார். 2015 டிசம்பருக்குப் பிறகு இங்கே அது வேடிக்கைப் பேச்சு அல்ல.

நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவருடைய கவிதைகளைப் பற்றி இரண்டு வருடங்களுக்கு முன் நான்தான் எழுதினேன். மொழி இருக்கிறது, அனுபவம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த வாக்கியம் கவிதைகளைப் படித்ததால் வந்ததல்ல. பி.ஏ. ஆங்கிலம் படித்த நாளிலிருந்து என்னிடம் தயாராக இருந்த வாக்கியம். யார் பேரிலும் பொருந்தும். அவர் அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. விட்டுவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டதே அதைப்பற்றிய கேள்விதான் என்பது பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிய பிறகே எனக்கு உறைத்தது.

அன்றிரவு பதினேழையும் எடுத்து வைத்துப் படித்தேன். பத்துக் கவிதைகளுக்கு என் வாக்கியம் இன்னும் செல்லும். மூன்றில் வேறொருவரின் குரல் கேட்கிறது, யாருடையது என்று அவருக்கே தெரியும். மீதி நான்கில், கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவனின் அசதி ஒன்று வரிகளை எங்கே முறிப்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறது. இதைத் தமிழில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அச்சானபோது அந்த நான்கில் இரண்டு என் கண்ணில் பட்டிருக்கின்றன. நான் அவற்றைப் படிக்கவில்லை.

அடுத்த இதழுக்கு அந்த நான்கைப் பற்றி மட்டும் எழுத இருக்கிறேன். ஆசிரியர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை.