பெட்டி மாற்றும் வித்தை

திருமயம், புதுக்கோட்டைப் பக்கம் படித்துவிட்டு நிற்கும் பையனுக்கு முப்படைகளின் நான்காண்டு அக்னிவீர் வேலையைப் பரிந்துரைப்பவர்கள் சம்பளத்தைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. நான்கு வருஷத்தில் ஒரு தொழிலும் கைக்கு வந்துவிடும், எலெக்ட்ரானிக்ஸ் என்றால் கொத்திக்கொண்டு போவார்கள் என்கிறார்கள். 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்த அரசும் திறன் பெற்ற இளைஞர்கள் ஊர் திரும்புவார்கள் என்றே சொன்னது. படை தொழில் கற்றுத்தந்ததே இல்லை என்று யாரும் வாதாட முடியாது. ஜாலஹள்ளியிலும் ஜாம்நகர் வல்சுராவிலும் செகந்திராபாத்திலும் உள்ள படைப் பயிற்சிப் பள்ளிகளில் பயின்று, இருபது வருஷம் ரேடாரோடு மல்லுக்கட்டியவர்களின் கைத்திறனுக்கு வெளியிலும் மதிப்பிருந்தது.

அந்த மதிப்பை ஈட்டித்தந்தது இருபது வருஷம், சீருடையல்ல. போர்முனையில் ஒரு கருவி செத்தால் அதன் சர்க்யூட்டைத் துருவிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. எந்தப் பெட்டி பழுது என்று பார், கழற்று, மாற்றுப் பெட்டியைச் செருகு. பழுதான பெட்டி பின்னால் உள்ள பணிமனைக்குப் போகட்டும். போருக்கு இதைவிட நல்ல முறை இல்லை. கற்பவனுக்கோ இதுதான் கேடு. சிக்னல் எந்த இடத்தில் அறுந்தது, இந்தக் கெபாசிட்டர் ஏன் போனது என்ற கேள்விகள் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடுகின்றன. போதாததற்கு அலுவல் ரகசியச் சட்டம் வேறு. தான் தொட்ட கருவியின் வரைபடத்தை வெளியே எவரிடமும் அவன் விரித்துக் காட்ட முடியாது. திருமயம் பெல் ஆலையில் குழாய் பற்றவைப்பவரின் திறமைக்குச் சாட்சி அந்தப் பற்றவைப்பே. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். எல்லையிலிருந்து திரும்புகிறவன் மேசைமேல் வைக்க ஒரு சான்றிதழ்தான் இருக்கும்.

பழைய முறையில் இந்தக் குறையைக் காலம் ஈடுகட்டியது. பெட்டி மாற்றியவன் பத்தாவது வருஷத்தில் பெட்டியைத் திறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் படிப்பே 2 வருஷம். அக்னிவீரின் 4 வருஷத்தில் அடிப்படைப் பயிற்சியும் காவலும் அணிவகுப்பும் விடுப்பும் போக மிஞ்சுவது என்ன? அதன் பிறகும் தங்குவது அதிகபட்சம் 25 விழுக்காடு. மற்றவர்கள் கை பழகத் தொடங்கும் வேளையில் வெளியேறுகிறார்கள். ராணுவமே தொழில் கற்றுத்தரும் இஸ்ரேலைப் பார் என்பார்கள். அங்கே ராணுவத்தின் 8200 பிரிவு பள்ளி முடித்தவர்களைச் சலித்தெடுத்து, மென்பொருளையும் கருவிகளையும் உருவாக்கவே வைக்கிறது. பெட்டி செய்யும் வேலையையும் பெட்டி மாற்றும் வேலையையும் ஒரே தட்டில் வைப்பது வசதியான மயக்கம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தில் பாதி கிரெடிட் படைப் பயிற்சிக்குத் தரப்படுகிறதே என்றால், கிரெடிட் சால்டரிங் அயர்னைப் பிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. தொழில்நுட்பப் பிரிவுக்கு ஆள் எடுக்கையில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது ராணுவம். தொழிலை அதுவே வெளியிலிருந்துதான் வாங்குகிறது. வெளியேறும் அக்னிவீரருக்கு மத்திய அரசு முதலில் அறிவித்த ஒதுக்கீடுகளில் ஒன்று, துணை ராணுவப் படைகளில் 10 விழுக்காடு. திட்டம் தீட்டியவர்களுக்கே அவன் கையில் துப்பாக்கிதான் தெரிந்திருக்கிறது.