உச்சியில் ஒரு விசிறி

இளம் விண்மீன்களைச் சூழ்ந்த மங்கலான நெபுலாக்களில் பெங்களூரு மொட்டை மாடிக்கென்றே வாய்த்தது என்.ஜி.சி. 2261. ஓரியனின் பெரிய நெபுலாவோடு குளிர்கால இரவுகளைக் கழிப்பவர்கள் அதிகம். அதன் அழகில் குறையில்லை. ஆனால் அது பத்தாண்டு கழித்தும் அப்படியே இருக்கும். 2261 சில வாரங்களிலேயே முகம் மாறும்.

1783-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட இந்தச் சிறு விசிறி வடிவ நெபுலா மாறுவதை 1916-இல் அறிவித்தவர் எட்வின் ஹப்பிள். பலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி 1949 ஜனவரியில் எடுத்த முதல் படமும் இதுதான். விசிறியின் காம்பில் இருக்கும் ஆர் மோனோசெரோட்டிஸ் என்ற விண்மீன் தூசிக்குள் புதைந்து கிடப்பதால், புள்ளியாகத் தெரியாமல் கெட்டியான ஒளிமுனையாகத் தெரிகிறது. அதை ஒட்டிச் சுழலும் தூசித்திரள்களின் நிழல் விசிறியின் மேல் விழுந்து நகர்கிறது. தூசியின் நிழலை வீட்டு மாடியிலிருந்து பார்க்கக் கிடைப்பது சாதாரணப் பேறல்ல.

இடம், திருவாதிரைக்கும் புரோசியானுக்கும் நடுவே. கிறிஸ்துமஸ் மர விண்மீன் கொத்துக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலாகத் தெற்கே. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் பெங்களூரின் உச்சியிலிருந்து நான்கு பாகைதான் விலகி நிற்கும். நகர வெளிச்சம் மிகக் குறைவாக உறுத்தும் இடம் அது. ஆனால் டாப்சோனியன் தொலைநோக்கியை உச்சியில் திருப்புவது பெரும்பாடு. ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பார்ப்பது வசதி. எட்டு அங்குலக் கண்ணாடியில் 50 மடங்குக்கு மங்கிய கறைதான். 150 மடங்கில், பக்கப்பார்வையில், விசிறி விரியும்.

ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஓ-3 வடிகட்டி இங்கே உதவாது. இந்த நெபுலா பெரும்பாலும் விண்மீனொளியைத் திருப்பித் தரும் தூசி. சோடியம் விளக்குக் காலத்தில் அந்த மஞ்சளை மட்டுமாவது வடிகட்ட முடிந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறங்களிலும் பரவுகிறது. நெபுலாவின் ஒளியையும் சேர்த்து இழக்காமல் அதைத் தடுக்க வழியில்லை.

எம் 78 அருகே ஜே மெக்நீல் 2004-இல் மூன்று அங்குலத் தொலைநோக்கியால் படமெடுத்துக் கண்டுபிடித்த நெபுலாவும் இதே இனம்தான். மங்கி, 2008-இல் மீண்டும் ஒளிர்ந்தது. ஹொசக்கோட்டையிலிருந்து இயக்கப்படும் ஹான்லே தொலைநோக்கியும் அதை ஆராய்ந்தது. மாடிக்கு அது எட்டாத பொருள்.

கேமரா நூறு படங்களை அடுக்கி விசிறியின் ஓரங்களை நீட்டிக் காட்டும். காம்பருகே உள்ள நுண்ணிய நிழலோ வெளுத்துப்போகும். பென்சிலும் நோட்டும் வழக்கொழிவது அதனால்தான் இழப்பு. தொலைநோக்கியை அசையாமல் விட்டு, விண்மீன்கள் நகரும் பக்கத்தை மேற்கு எனக் குறித்து, மாதம் ஒரு படம் வரைந்தால் போதும். ஜனவரிப் படத்தில் இருந்த கருங்கீற்று மார்ச்சில் வேறிடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.