அவிநாசி சாலையின் இரு வாக்காளர்கள்

பீளமேட்டிலிருந்து அவிநாசி சாலையில் கிழக்கே போனால் ஹோப் காலேஜ், சித்ரா, விமான நிலையத் திருப்பம், பிறகு சின்னியம்பாளையம். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. பீளமேடு கோவை மாநகராட்சியைச் சேர்ந்தது. சின்னியம்பாளையம் கிராம ஊராட்சி. இரண்டு ஊரிலும் பஞ்சாலைக் காலத்து வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் கலந்தே நிற்கின்றன. ஆனால் சின்னியம்பாளையத்து வாக்காளருக்குச் சட்டம் தந்த ஓர் உரிமை பீளமேட்டு வாக்காளருக்குக் கிடையாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அவர் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவுத் திட்டம், கிராமத்தின் ஆண்டுத் திட்டம், தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அந்தச் சபையிடம் இருக்கிறது. பீளமேட்டுக்காரர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற நாட்களில் அவர் கையில் இருப்பது மனு மட்டும்.

இந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் நகரங்களுக்குப் பகுதி சபை வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாடு முழுவதும் அவை முதன்முறையாகக் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே உட்கார்ந்தார். கிராம சபைக்கு நிகரான ஒன்று நகரத்தவருக்கும் கிடைத்துவிட்டது என்ற பேச்சு அப்போது எழுந்தது. அது உண்மைதானா என்பதே என் கேள்வி.

குறையின் வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1992-இல் சேர்ந்தாற்போல் நிறைவேறிய இரண்டு திருத்தங்களில் ஊராட்சிகளுக்கான 73-ஆவது திருத்தம் கிராம சபையைப் பெயர் சொல்லி நிறுவியது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தத்தில் மக்கள் சபை என்று எதுவும் இல்லை. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்று மட்டும் அது சொன்னது. பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒரே குழு வைக்கவும் இடம் கொடுத்தது. நம் மாநகராட்சிகளில் அது மண்டலக் குழுவாகச் சுருங்கியது. கோவைக்கு ஐந்து மண்டலங்கள், 100 வார்டுகள். அந்தக் குழுக்களில் உட்காருபவர்கள் கவுன்சிலர்களே. தெருவில் குடியிருப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. நகர மேம்பாட்டுக்கான மத்திய நிதியைப் பெற மக்கள் பங்கேற்புச் சட்டம் வேண்டும் என்று 2005-க்குப் பின் டெல்லி நிபந்தனை வைத்தது. அதையொட்டித் தமிழ்நாட்டிலும் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது.

அந்த ஆண்டுகளில் நடந்ததைக் கோவை மறக்கக் கூடாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மாமன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் முழுவதும் தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில்தான், 2018-இல், பழைய மாநகராட்சி எல்லைக்குள் வரும் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர் தரும் ஒப்பந்தம் சூயஸ் நிறுவனத்தோடு கையெழுத்தானது. 26 ஆண்டு ஒப்பந்தம் அது. ஒரு தலைமுறையின் தண்ணீரைப் பற்றிய முடிவு உறுதியான அந்த நாளில் மாமன்றத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். குழாய் பதிக்கத் தோண்டிய தெரு எப்போது மூடப்படும் என்று கேட்பவருக்கு அதிகாரத்தோடு பதில் சொல்லக் கூடிய மன்றம் அன்றைக்கு இல்லை என்பதே இங்கு பொருட்படுத்த வேண்டியது.

மாமன்றம் வந்த பிறகு நிலைமை மாறியதா? மாமன்றம் கூடும் விக்டோரியா ஹால் 1892-இல் கட்டப்பட்ட அழகான மண்டபம். அங்கே கூட்டம் நடக்கும் முறையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். தீர்மானப் பொருள்கள் அடங்கிய புத்தகம் தாமதமாகக் கைக்கு வருகிறது என்பது எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் எல்லா ஊர் மன்றங்களிலும் சொல்லும் குறை. மேயரின் முன் அனுமதியோடு வேலை தொடங்கிவிட்டு, மன்றத்தின் பதிவுக்காக என்று பிற்பாடு வைக்கும் பொருள்கள் உண்டு. சாக்கடை, தெருவிளக்கு, பார்க் என்று தங்கள் வார்டைப் பற்றிக் கவுன்சிலர்கள் பேசுகிறார்கள், சில சமயம் வெளிநடப்பும் நடக்கிறது. கடைசியில் பொருள்கள் கட்டுக்கட்டாக நிறைவேறுகின்றன. ‘ஆல்பாஸ்’ என்ற சொல் இங்கே பழகிப்போனதற்கு இதுதான் காரணம். 2022 தேர்தலில் 100 வார்டுகளில் 96 அப்போதைய ஆளும் கூட்டணிக்குப் போயின. அ.தி.மு.க.வுக்கு 3, எஸ்.டி.பி.ஐ.க்கு 1. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்துப் பேசினால்தான் விவாதம் என்கிற அளவுக்கு மன்றம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் மாநில அரசு உயர்வை அறிவித்தது. கோவையில் வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை கூடியது. உயர்த்தாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். மன்றங்கள் தீர்மானம் போட்டன. வேறெதுவும் செய்திருக்க முடியுமா என்றால் முடியாது. வரியைத் தீர்மானிப்பது கோட்டை, ஏச்சு வாங்குவது கவுன்சிலர். எங்கள் பக்கத்தில் கவுன்சிலரை வைவது எளிது, அவர் தெருவிலேயே இருக்கிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் அதிகாரத்தின் அளவைப் பார்த்த பிறகே வைய வேண்டும். அவிநாசி சாலையே மாநகராட்சியுடையது கிடையாது. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தது மாநில நெடுஞ்சாலைத் துறை. தூண் எங்கே வரும், இறங்குதளம் எங்கே வரும் என்பதில் பீளமேட்டு வார்டுகளின் குரலுக்குச் சட்டப்படி எந்த இடமும் இல்லை.

ஆகவே கவுன்சிலரின் திறமைக் குறைவுதான் நோய் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வார்டு என்கிற அளவில் எந்த முடிவும் எடுக்க முடியாதபடி அமைப்பு இருக்கிறது. பகுதி சபையை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும்.

ஏட்டில் அது நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒருவர் வார்டுக் குழுவில் இடம்பெறுகிறார், குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். ஆனால் அந்தப் பிரதிநிதியைப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுகிறார். நியமனம் என்றால் நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை நம் ஊர் அரசியலை ஒரு தேர்தல் பார்த்தவருக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. அடுத்து, சபையின் வேலைகள். குடிநீர், விளக்கு, துப்புரவு இவற்றின் குறைகளைச் சுட்டலாம், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று முன்மொழியலாம், பயனாளிகளை அடையாளம் காட்டலாம். கிராம சபை வரவு செலவுக்கு ஒப்புதல் தருகிறது, பகுதி சபை பரிந்துரைக்கிறது. பரிந்துரையை மாநகராட்சி ஒதுக்கிவிட்டால் கேட்க வழியில்லை.

கூட்டம் நடக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வரிசையாக நாற்காலிகள் போட்டிருக்கும். கவுன்சிலர், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், பில் கலெக்டர் வந்திருப்பார்கள். எழுந்து பேசுபவர் தன் வீட்டு முன் சாக்கடையைச் சொல்வார், அடுத்தவர் நாய்த் தொல்லையைச் சொல்வார். குறித்துக்கொள்வார்கள். இந்த வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம், அதில் எவ்வளவு எந்த வேலைக்குப் போயிற்று என்ற தாள் மேசைமேல் இருக்காது. அந்தத் தாள் இல்லாத கூட்டத்தில் பேச்சு குறையாகத்தான் இருக்க முடியும், தேர்வாக இருக்க முடியாது. சாக்கடைக்கா தெருவிளக்குக்கா என்று அண்டை வீட்டார் இருவர் வாதாடி ஒரு முடிவுக்கு வரும் தருணம்தான் சபை என்பதன் உயிர். தொகை தெரியாமல் அந்த வாதம் பிறக்காது.

மனு வாங்க நமக்கு வேறு இடங்களுக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகம், செவ்வாய்க்கிழமை மேயரின் குறைதீர் கூட்டம். 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’ திட்டம் தொடங்கியதே கோவையில்தான். அவற்றால் பட்டாவும் பென்ஷனும் கிடைத்தவர்கள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தனி ஒருவரின் குறைக்கு மனு ஏற்ற வழி. பொதுத் தேர்வுக்கு அது வழியாகாது. பகுதி சபையும் இன்னொரு மனு மேசையாகிவிட்டால் அதற்கென்று தனி விதி எதற்கு?

பீளமேட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. பி.எஸ்.ஜி., ஜி.ஆர்.டி. என்று கல்லூரிகள் சூழ்ந்த ஊர் இது. ஹாஸ்டல்களிலும் பி.ஜி. விடுதிகளிலும் மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள். பம்ப், ஃபவுண்டரிப் பட்டறைகளில் வட மாநிலத் தொழிலாளர்கள். இங்கே தண்ணீர் செலவழிப்பவர்களிலும் குப்பை போடுபவர்களிலும் பெரும் பகுதியினர் இந்த வாக்காளர் பட்டியலில் இல்லை. சபையிலும் இல்லை. வந்து பேசுபவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளரின் கழிப்பறைக் கவலை அந்த மேசைக்கு வருவதே இல்லை. குடியிருப்பவருக்குப் பேசும் உரிமையாவது விதியில் சேர வேண்டும்.

எதிர்த் தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். கிராம சபை என்ன வாழ்கிறது என்பார்கள். தீர்மானங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கும் ஊராட்சிகள் உண்டு. 10,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 300 பேர் வந்தால் போதும் என்கிறது குறைவெண் விதி, அதற்கே ஆள் திரட்ட வேண்டியிருக்கிறது. கோவை மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் காலம் முடிந்து, அங்கும் தனி அலுவலர் வந்தார். இவை எல்லாமே உண்மை. இருந்தாலும் சட்டம் கையில் இருப்பவர் மோசமான கூட்டத்தில்கூட எழுந்து நின்று ‘கணக்கைப் படிங்க’ என்று கேட்க முடிகிறது. தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் மறுக்க முடிகிறது. மது வேண்டாம், குவாரி வேண்டாம் என்று போட்ட கிராம சபைத் தீர்மானங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. பகுதி சபைத் தீர்மானத்துக்கு அந்த வலு இல்லை.

பெரிய உள்ளாட்சியின் பலமும் மறுக்க முடியாதது. பீளமேட்டை ஒட்டிய விளாங்குறிச்சி ஊராட்சியும் காளப்பட்டி பேரூராட்சியும் 2011-இல் கோவையோடு இணைந்தன. டைடல் பார்க் எழுந்த ஊருக்குப் பாதாள சாக்கடையும் அகலச் சாலையும் போட ஒரு சிற்றூராட்சியின் வருமானம் எங்கே போதும்? ஆனால் இணைந்து ஏழு ஆண்டு கழித்துக் கையெழுத்தான குடிநீர் ஒப்பந்தம் பழைய எல்லையின் 60 வார்டுகளோடு நின்றுவிட்டது. தங்கள் கிராம சபையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மாநகராட்சியின் முழு வசதியும் உடனே கிடைக்கவில்லை. 2025 பிறந்தபோது வெளியான விரிவாக்கப் பட்டியலில் சின்னியம்பாளையமும் நீலாம்பூரும் இடம்பெற்றன. ஊராட்சிகளிலிருந்து எழுந்த எதிர்ப்புகளில் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்ற குரல்களே உரக்கக் கேட்டன. கிராம சபை போய்விடும் என்பதும் அதே அளவு உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

வாளையாற்றைத் தாண்டினால் வேறொரு முயற்சியைப் பார்க்கலாம். கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. சபை கூடும்போது பங்கிட ஏதோ இருந்தது. அங்கேயும் நடுத்தர வர்க்கம் சபைக்கு வராது, ஆண்டுகள் போகப் போக உற்சாகமும் தணிந்தது. ஆனாலும் பணத்தை முன்வைத்து, மக்களைப் பின்னர் அழைத்த அந்த வரிசை சரியானது. புனே மாநகராட்சி 2006 முதல் வார்டு வேலைகளுக்குக் குடிமக்களின் பரிந்துரையைப் பெற்று வரவு செலவில் சேர்க்கிறது. தொகை சிறியதுதான், ஆனாலும் தலைப்பு வரவு செலவுப் புத்தகத்தில் இருக்கிறது.

என் முடிவு இது. பகுதி சபை இன்றைய வடிவில் கிராம சபைக்கு நிகரானது என்ற கூற்று தவறு. நியமனப் பிரதிநிதியும் பரிந்துரை அதிகாரமும் மட்டும் கொண்ட ஒன்றைச் சபை என்று அழைப்பது மக்களுக்குச் செய்யும் நியாயமாகாது. ஆனால் அதைக் கைவிடச் சொல்லவும் மாட்டேன். 74-ஆவது திருத்தம் தராத ஒன்றை மாநிலம் தொடங்கியிருக்கிறது. கட்டடத்துக்கு அடித்தளம் போட்டாயிற்று. வார்டுக்கென்று ஒதுக்கிய ஒரு தொகை, அந்தத் தொகைக்கான வேலைப் பட்டியலுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம், பகுதி மக்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி என்று மூன்றையும் சேர்க்க அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. மாநிலச் சட்டத்தில் செய்யும் திருத்தமே போதும்.

அதுவரை மாமன்றம் தன் அளவில் செய்யக் கூடியது ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு பகுதி சபையும் தொடங்கும்போது முந்தைய கூட்டத்தில் வந்த கோரிக்கைகளையும், அவற்றில் எது முடிந்தது, எது ஏன் முடியவில்லை என்பதையும், வார்டில் நடக்கும் வேலைகளின் ஒப்பந்தத் தொகைகளையும் உதவிப் பொறியாளர் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். 96 பேர் ஒரே பக்கம் இருக்கும் மன்றத்தில் அது நிறைவேற ஒரு கூட்டம் போதும். சின்னியம்பாளையத்தை இணைக்கும் அரசாணை வருவதற்கு முன்பே பீளமேட்டில் அதைத் தொடங்கலாம்.